கையெழுத்திடாத காகிதம்

ஒரு கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம் என்றால், உங்களில் எத்தனை பேர் பேனாவைத் தேடமாட்டீர்கள்? நான் தேடுவேன், ஒளிப்பானேன்!

1943-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் பிராண்டன்பர்க் சிறைச்சாலை. மரணதண்டனைக் கைதி ஒருவரின் மேஜைமீது அப்படியொரு காகிதம் இருந்தது. படையில் சேரச் சம்மதம் என்று கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. அவரோ அதை ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

அவர் பெயர் ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஆஸ்திரிய நாட்டில் ராடெகுண்ட் என்ற சிற்றூரின் குடியானவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் நடந்த வாக்கெடுப்பில், அந்த ஊரில் "வேண்டாம்" என்றவர் இவர் ஒருவர்தான். அநியாய யுத்தத்தில் ஆயுதம் ஏந்துவது தெய்வத்துக்கு விரோதம் என்று முடிவு செய்தார். அடிபட்டவர்களுக்குப் பணிவிடை செய்யத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தார். கேட்பார் யார்?

"பிள்ளைகுட்டிக்காரன், குடும்பத்தைப் பாரப்பா!" என்றார்கள் ஊரார். பிஷப்பும் அதையேதான் சொன்னார். நியாயமான பேச்சுத்தானே? மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு இன்னும் ஆறு வயது நிறையவில்லை. மனைவி ஃப்ரான்ஸிஸ்காவும் முதலில் தடுத்துப் பார்த்தார். பிறகு, ஊரே எதிர்க்கும்போது தாமும் எதிர்த்தால் கணவருக்கு யார் துணை என்று அவர் பக்கம் வந்து நின்றார்.

சரணாகதி என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாக்கிவிட்டோம்! கையைக் கட்டிக்கொண்டு, "அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். இந்தக் குடியானவர் தம் கடமையைச் செய்தார். அதன் பலனாக அநாதையாகப்போகும் குழந்தைகளையும் அவனிடமே ஒப்படைத்தார். அதுவல்லவா கஷ்டம்?

ஆகஸ்டு 9-ம் தேதி அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயது 36. கடைசி நேரத்தில் உடனிருந்த பாதிரியார், தம் வாழ்நாளில் கண்ட ஒரே புனிதர் இவர்தான் என்று பிற்பாடு சொன்னார்.

ஃப்ரான்ஸிஸ்கா வயலில் பாடுபட்டுப் பெண்களை ஆளாக்கினார். யுத்தம் முடிந்தும் சில வருஷங்கள் அவருக்கு விதவைப் பென்ஷன்கூடக் கிடைக்கவில்லை. 2007-ல் லின்ஸ் நகரத் தேவாலயத்தில் கணவரை வேதசாட்சியாகப் போற்றி முத்திப்பேறு பட்டம் அளித்தபோது, 94 வயதில் அதைக் கண்ணாரக் கண்டார். 2013-ல், நூறு வயது நிறைந்து, கண் மூடினார்.

நம் மேஜைமீதும் அவ்வப்போது சின்னச் சின்னக் காகிதங்கள் வருகின்றன. கையெழுத்துப் போடாவிட்டால் தலை போகாது; மேலதிகாரியின் புன்னகைதான் போகும். ஆனாலும் நம் கை எவ்வளவு வேகமாகப் பேனாவைத் தேடுகிறது, பார்த்தீர்களா?