கால் போனால் வேலை?

பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? 1751-ல் அந்த வட்டாரத்தில், வாலிகண்டபுரத்தை ஒட்டி, இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதினார்கள். அதில் கால் போன சிப்பாய்க்கு அப்புறம் என்ன வேலை கொடுத்தார்கள்? சரித்திரப் புத்தகத்தில் தளபதிகள் கதைதான் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு பதில் இருக்கிறது. 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்று ஒரு விளையாட்டு. ஆடம்ஸ் சகோதரர்கள் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2006-ல் வெளியிட்டது. குள்ளர்களை வேலை வாங்கிக் கோட்டை கட்டவேண்டும். சண்டையில் ஒருத்தனுக்குக் கால் போச்சா? ஊன்றுகோல் கொடுக்கிறார்கள். முதலில் தள்ளாடுவான். நடக்க நடக்க அதுவே ஒரு தொழில்திறமையாக ஏறி, வேகம் திரும்பி வரும். யாரும் சீட்டைக் கிழிப்பதில்லை.

நம் சட்டமும் லேசுப்பட்டதல்ல சார். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு: வேலையில் இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலை முடியாதா? அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையா? அவருக்கென்றே கூடுதலாக ஒரு பதவி போட்டு, தகுந்த இடம் கிடைக்கும்வரை, அல்லது ரிடையர் ஆகும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். (எந்த ஊனமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்குச் சட்டமே தேவையில்லை!)

ஆனால், 'அரசு நிறுவனம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையும் உண்டு, தனியார் ஆலைகளும் உண்டு. சுண்ணாம்புக்கல் ஒன்று, மெஷின் ஒன்று. அரசு ஆலையில் கால் போனவருக்கு நாற்காலி காத்திருக்கும். தனியார் ஆலைக்காரருக்கு நஷ்டஈடு வரலாம். இந்தப் பிரிவு வராது.