ஸனதும் பட்டமும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், உத்தரப் பிரதேச மத்ரஸாக் கல்வி வாரியச் சட்டம் பற்றி உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அதனைக் கேட்டு, 'மத்ரஸாக்கள் பிழைத்தன' என்று மகிழ்ந்தோர் நம்மவருள் ஒரு சாரார். 'காமில், ஃபாஸில் பட்டங்களைப் பறித்து நம் கல்வியை இழிவு செய்துவிட்டனர்' என்று கொதித்தோர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் சாராருடன்தான் எனக்கு வழக்கு.

தீர்ப்பு என்ன சொன்னது? அதே ஆண்டு மார்ச் 22இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், 2004ஆம் ஆண்டின் அச்சட்டம் முழுவதுமே செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, பள்ளி நிலைக் கல்வியை ஒழுங்கு செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு என நிலைநாட்டியது. இளங்கலைக்கு நிகராகக் காமிலையும் முதுகலைக்கு நிகராக ஃபாஸிலையும் வாரியம் வழங்குவதை மட்டுமே தள்ளியது. காரணம், பட்டம் வழங்கும் உரிமையை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்கள் ஆகியவை தவிரப் பிறர் பட்டம் வழங்கலாகாது. ஆக, ஹிதாயா பெரிதா சிறிதா என்பதன்று அங்கு எழுந்த கேள்வி. முத்திரையிடும் அதிகாரம் எவர்க்கு என்பதே. இதில் இழிவு எங்கிருந்து வந்தது?

ஸனது வேறு, பட்டம் வேறு. ஸனது என்பது, 'இந்நூல்களை இவர் என்னிடம் ஓதினார். ஓதிக்கொடுக்கவும் தகுதி பெற்றார்' என்று ஓர் உஸ்தாத் தம் உஸ்தாதுமார்களின் தொடர்ச்சியில் நின்று தரும் சாட்சியம். பட்டமோ அரசின் சட்டம் ஒரு நிறுவனத்துக்கு அளித்த அதிகாரத்தின் விளைவு. ஸனதுக்குப் பட்டத்தின் பெயர் சூட்டினால்தான் பெருமை என்று எண்ணுவோரே ஸனதின் மதிப்பை அறியாதவர்.

'எங்கே ஓதினாய், எத்தனை ஆண்டு, யாரிடம்?' என்று பல்கலைக்கழகம் கேட்டால் நமக்கு ஏன் சினம் வரவேண்டும்? இக்கேள்வியை உலகுக்குக் கற்பித்தவர்களே நம் முஹத்திஸீன்கள் அன்றோ? அறிவித்தவர் யார், அவர் தம் ஆசிரியரைச் சந்தித்தாரா, அவர் நினைவாற்றல் எத்தகையது என்று அவர்கள் துருவினர். பேணுதலில் சிறந்த பெரியோராயினும் நினைவாற்றல் குறைந்தவரெனில் அவர் அறிவிப்பை ஏற்கத் தயங்கினர். அவர்தம் வழிவந்தோம் என்று மார்தட்டும் நாம் ஒரு படிவத்தின் முன் முகம் சுளிப்பது பொருந்தாது.

இத்துடன் நிறுத்திவிட்டால் பல்கலைக்கழகத்தார்க்கு வக்காலத்து வாங்கியவன் ஆவேன். அவர்கள்மீதும் குறை உண்டு.

இணைத் தகுதி இன்று எப்படி முடிவு செய்யப்படுகிறது? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் தில்லி ஜாமிஆ மில்லியாவும் குறிப்பிட்ட சில மத்ரஸாக்களின் ஸனதுகளைத் தத்தம் சேர்க்கைக்கு ஏற்கின்றன. அலிகரில் மத்ரஸா மாணவர்க்கென்றே 2013இல் ஓர் இணைப்புப் படிப்பும் தொடங்கப்பெற்றது. பாராட்டத்தக்கதே. ஆயினும் பட்டியலில் இடம்பெறுவது மத்ரஸாவின் பெயர். மாணவனின் அறிவு அன்று. அதே நூல்களை அதே வரிசையில் ஓதிய இருவருள், பட்டியலில் உள்ள மத்ரஸாவின் மாணவன் உள்ளே செல்கிறான்; மற்றவன் வாயிலிலேயே திருப்பப்படுகிறான். ஒரு பல்கலைக்கழகம் ஏற்றதை மற்றொன்று ஏற்கவேண்டும் என்பதும் இல்லை. சேர்க்கைக்கு ஏற்றதை வேலைக்கு ஏற்கவேண்டும் என்பது அதனினும் இல்லை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையே தேறியபின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் எனத் தமிழ்நாடு அரசு 2009இல் ஆணையிட்டது. நடுவே இரு படிகளைத் தாண்டிப் பட்டம் பெற்ற மௌலவியின் நிலை என்னவாகும்?

இமாம் புகாரீ (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதும் நிகழ்ச்சியை நாம் அனைவரும் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்நகரத்தார் நூறு ஹதீஸ்களின் ஸனதுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கோத்தனர். பத்துப் பேர், ஆளுக்குப் பத்தாக, அவர் முன் வைத்தனர். அவர் நூறையும் உரிய இடத்தில் பொருத்திக் காட்டினார். பக்தாதியர் அவர் புகழைக் கேட்டு ஏற்கவும் இல்லை; வெளியூரார் என்று தள்ளவும் இல்லை; சோதித்தனர். நம் பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்கவேண்டியது இதனையே.

சோதித்து ஏற்றதற்கு முன்மாதிரியும் இம்மண்ணிலேயே உண்டு. தமிழுக்கு வித்துவான், வடமொழிக்குச் சிரோமணி என்று கீழ்த்திசை மொழிப் பட்டங்களை வைத்த சென்னைப் பல்கலைக்கழகம், அரபிக்கு அஃப்ஸலுல் உலமாவை வைத்தது. மத்ரஸாவில் ஓதியவர் அத்தேர்வை எழுதிப் பல்கலைக்கழகத்தின் முத்திரையைப் பெற்றார். பள்ளிகளில் அரபி ஆசிரியராக அமர்ந்தார். எவருடைய மானமும் போகவில்லை. எப்பட்டமும் இல்லாத உ. வே. சாமிநாதையர், தியாகராசச் செட்டியாரின் சொல்லை நம்பி 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அமர்த்தப்பட்டார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. தொலைநிலைக் கல்விக்கென மானியக் குழு 1985இல் வகுத்த விதிகளும், முன்படிப்புச் சான்று இல்லாதவர் இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர இடமளித்தன. தேர்வு நடத்துவது முடியாத காரியம் அன்று. மனம் வேண்டும்.

இனி நம் மத்ரஸா நிர்வாகிகளிடம் வருவோம். இங்கேதான் எனக்கு மிகுந்த வருத்தம். உங்கள் பாடத்திட்டம் அச்சில் உள்ளதா? எந்த ஆண்டில் எந்தக் கிதாபு, எத்தனை மணி நேரம், எவ்வகைத் தேர்வு என்பது ஓர் ஏட்டில் உண்டா? இவை இல்லாமல் எதனை எதற்கு நிகரெனச் சொல்வார்கள்? ஏழெட்டாண்டு ஓதிய மாணவன் இருபத்திரண்டு வயதில் ஸனதுடன் வெளியே வருகிறான். சட்டத்தின் பார்வையில் அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவ்வேழாண்டுகளுக்குள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகவோ அவனைப் பத்தும் பன்னிரண்டும் எழுதவைக்கத் தடையாக நின்றது எது?

'உலகக் கல்வி புகுந்தால் ஓதல் கெடும்' என்பார் சிலர். நாம் ஓதும் தர்ஸே நிஸாமிய்யாவை வகுத்த முல்லா நிஸாமுத்தீன் (ரஹ்) 1748இல் மறைந்தவர். அவர் தம் பாடத்தில் தர்க்கத்துக்கும் கணிதத்துக்கும் வான நூலுக்கும் இடம் வைத்தார். அதனால் எந்த ஓதல் கெட்டது? சில மத்ரஸாக்கள் இப்போதே இரு கல்வியையும் இணைத்து நடத்துகின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் எவரிடமும் இறைஞ்சி நிற்பதில்லை.

வரும் ஷவ்வாலில் பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்கச் செல்லும் பெற்றோர், உணவும் தங்குமிடமும் எப்படி என்று விசாரிப்பதோடு நிர்வாகியிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: சென்ற ஆண்டு தலைப்பாகை கட்டி அனுப்பிய பிள்ளைகளுள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தனர்?