கணக்கு நோட்டைத் திருப்பித் தருவாயா தம்பி?

நாகர்கோவில் பக்கமிருந்து காலையில் வரும் ரயில் கழக்கூட்டத்தில் நின்றால், இறங்கும் கூட்டத்தில் மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழும். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரம். எல்லோரும் போவது டெக்னோபார்க்குக்கு. 1990இல் கே.பி.பி. நம்பியார் முன்னின்று, வைத்தியன் குன்று என்ற மேட்டில் அந்தப் பூங்காவைத் தொடங்கியபோது, இங்கே யார் வந்து கம்ப்யூட்டர் வேலை செய்யப்போகிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

என் அக்கா மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக எட்டு வருடம் இருந்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு, கழக்கூட்டத்திலேயே ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, தனியாளாக ஒரு செயலி எழுதினான். வீட்டு வரவு செலவுக் கணக்குச் செயலி. அக்கா முப்பது வருடமாக ஒரு நீள நோட்டில் எழுதிவந்த கணக்குத்தான் அவனுக்கு மாதிரி. 'பால், பேப்பர், கேஸ், மொய், மருந்து' என்று அவள் கோடு போட்டுப் பிரித்த பத்திகளைச் செல்போன் திரையில் கொண்டுவந்தான். சில ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். இதுவரை இலவசம். சேமிப்பு தீர்ந்ததும், இனி வருடச் சந்தா என்று அறிவித்தான். மாதக் கணக்கில் பிரித்தால் ஒரு சாயா, ஒரு பழம்பொரி விலைதான் வரும்.

கடிதங்கள் குவிந்துவிட்டன.

போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "மாமா, பதில் எழுதியிருக்கேன். தமிழ்ல மாத்தித் தர முடியுமா?" என்றான். இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். மொழிபெயர்ப்பே தொழிலாக இருபது வருடம் ஓட்டியவன் என்பதால், முதல் வாக்கியத்தைப் பார்த்ததுமே இது இன்னொரு கம்பெனியின் அறிவிப்பைப் பார்த்து எழுதியது என்று தெரிந்தது. 'உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்' என்று தொடங்கியது.

"யாரு இந்த 'எங்களுக்கு'?" என்று கேட்டேன். இங்கிலீஷில் ஒரே சொல்லில் சமாளித்துவிடலாம். தமிழில் நாம், நாங்கள், நான் என்று மூன்று வாசல்; எந்த வாசலில் நுழைகிறோம் என்று சொல்லியாக வேண்டும். மாடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு 'நாங்கள்' என்று எழுதினால், படிப்பவர் பின்னால் ஒரு கட்டிடத்தையும் வரவேற்பறையையும் கற்பனை செய்துகொள்வார். கடிதம் எழுதியவர்கள் கேட்டிருந்ததே அதைத்தான்: நீ யார், எத்தனை பேர், நாளைக்கு இருப்பாயா?

கேள்விகள் பலவிதமாக இருந்தாலும் அடியில் ஓடியவை மூன்று. இத்தனை நாள் இலவசமாகக் கொடுத்தாயே, அப்போது எதை விற்றுச் சாப்பிட்டாய்? என் பாங்க் குறுஞ்செய்தியெல்லாம் படிக்கிறாயே, அது எங்கே போகிறது? நீ கடையைக் கட்டிவிட்டால் என் கணக்கு என்ன ஆகும்?

மூன்றும் நியாயமான கேள்விகள். இவை ஏன் எழுகின்றன என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும். அங்கே 'மின்ட்' என்ற செயலி 2007இல் வந்தது. பாங்க் கணக்குகளையெல்லாம் இணைத்துக் கொடுத்தால் செலவைத் தானே வகை பிரித்துக் காட்டும். இலவசம். கிரெடிட் கார்டு, கடன் விளம்பரங்களைக் காட்டி அதில் வந்த தரகுதான் வருமானம். 2009இல் 'இன்ட்யூட்' நிறுவனம் 17 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. வாங்கிய நிறுவனத்தின் கதையும் குடும்பக் கணக்கில்தான் தொடங்கியது: பில் கட்டுவது பெரும் தொல்லை என்று மனைவி அலுத்துக்கொண்டதைக் கேட்டு ஸ்காட் குக் 1983இல் தொடங்கியது அது. ஆனாலும் 2024 மார்ச்சில் மின்டை மூடிவிட்டது. தங்களுடைய இன்னொரு செயலிக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அதில் மாத பட்ஜெட் போடும் வசதி மின்டில் இருந்ததுபோல இல்லை. பதினைந்து வருடம் எழுதிய கணக்கை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு ஜனங்கள் வேறு வீடு தேடினார்கள்.

நம் ஊரில் 'வால்நட்' என்ற செயலி 2014இல் வந்து பிரபலமானது. பாங்க் அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்து, இன்றைக்கு ஹோட்டலுக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று அதுவே எழுதிவிடும். 2018இல் அதை வாங்கிய 'கேபிடல் ஃப்ளோட்' கடன் கொடுக்கும் நிறுவனம். பின்னர் பெயரும் 'ஆக்சியோ' என்று மாறியது. சட்டப்படி இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எந்த வீட்டில் இருபத்தைந்தாம் தேதியே பணம் தீர்ந்துவிடுகிறது என்பது வீட்டுக் கணக்கு எழுதும் செயலிக்குத் தெரியும். கடன் கொடுப்பவருக்கு இதைவிட மதிப்புள்ள தகவல் உலகத்தில் உண்டா?

அக்கா மகனிடமும் ஒரு கடன் கம்பெனி ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். சந்தா வசூலில் நான்கு வருடம் உட்கார்ந்தாலும் கிடைக்காத தொகையைச் சொல்லியிருக்கிறார். இவன் மறுத்துவிட்டான். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. "அதைச் சொன்னா பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் மாமா" என்றான். பெருமை இல்லை மக்கா, அதுதான் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் என்றேன்.

குறுஞ்செய்தி விஷயத்தில் அவன் கை கட்டப்பட்டிருப்பது வெளியே தெரிவதில்லை. பாங்க் கணக்கு விவரங்களை நம் சம்மதத்தின் பேரில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, ரிசர்வ் பாங்க் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்று பெயர். 2016இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் இருந்து கொண்டுபோகிறவர் உறையைப் பிரித்துப் படிக்க முடியாது, தபால்காரர் மாதிரி. ஆனால் அந்த உறையைப் பெறும் தகுதி ரிசர்வ் பாங்க், செபி போன்ற ஏதாவது ஒரு நிதி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிவான நிறுவனங்களுக்குத்தான். மாடி அறை ஆசாமிக்கு அந்தக் கதவு திறக்காது. கடன் கம்பெனிக்குத் திறக்கும், கடன் வேண்டாம் என்று கணக்கு மட்டும் எழுதுகிறவனுக்குத் திறக்காது. விதி செய்தவர்கள் இப்படி நினைத்துச் செய்திருக்கமாட்டார்கள். நடைமுறையில் அப்படித்தான் வந்து நிற்கிறது.

மிஞ்சுவது குறுஞ்செய்தி. 2018 அக்டோபரில் கூகுள் அதிலும் கிடுக்கி போட்டது. கண்ட செயலிகளும் குறுஞ்செய்தியைப் படிப்பதற்குத் தடை. பண நிர்வாகச் செயலிகள் விண்ணப்பித்தால் பரிசீலித்து விலக்கு. தேவையான கண்டிப்புத்தான். குறுஞ்செய்திப் பெட்டியில் பாங்க் தகவல் மட்டுமா இருக்கிறது? ஆஸ்பத்திரித் தகவல், ஒருமுறைக் கடவு எண், மனைவி அனுப்பிய 'வரும்போது தேங்காய்' எல்லாம் இருக்கிறது. அவனுடைய செயலி பாங்க் செய்திகளை மட்டும் போனுக்குள்ளேயே படித்து, தொகையையும் தேதியையும் எடுத்துக்கொள்கிறது. எதையும் வெளியே அனுப்புவதில்லை. இதை அவன் கடிதத்தில் 'தொழில்துறைத் தரத்திலான பாதுகாப்பு' என்று எழுதியிருந்தான். அந்தத் தொடரை அடித்துவிட்டு, 'உங்கள் குறுஞ்செய்தி உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படிக்க அனுமதி தர மனமில்லை என்றால் கையால் எழுதலாம். செயலி அப்போதும் முழுதாக வேலை செய்யும்' என்று போட்டேன். இரண்டாவது பாதி உண்மையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். இரண்டு இடத்தில் வேலை செய்யாது என்றான். அன்று ராத்திரி அதைச் சரிசெய்த பிறகுதான் அந்த வாக்கியம் நின்றது.

விலை உயர்வுக்கு மன்னிப்புக் கேட்கவேண்டுமா என்பதில் எங்களுக்குள் சண்டை. 'ஒய்நாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கச் செயலி, ஜெஸ்ஸி மீச்சம் என்பவர் புதிதாகக் கல்யாணமான மாணவராக இருந்தபோது மனைவியோடு சேர்ந்து கணக்குப் போட எழுதிய அட்டவணையில் தொடங்கியது. 2004இல் அதை விற்க ஆரம்பித்தார். முதலில் ஒரு தடவை விலை கொடுத்தால் போதும். பின்னர் வருடச் சந்தா ஆனது. 2021இல் சந்தா 84 டாலரிலிருந்து 99 டாலருக்கு ஏறியபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். சிக்கனம் கற்றுக்கொடுத்த செயலியை, அது கற்றுக்கொடுத்த கணக்காலேயே அளந்து பார்த்தார்கள்!

ஆனால் விலை ஏற்றாமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் லாங் என்பவர் தனியாளாக 'ஆக்சுவல்' என்ற கணக்குச் செயலியைச் செய்து சந்தாவுக்கு விற்றார். கணக்கு வாடிக்கையாளரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்படி அமைத்தவர் அவர். 2022 ஏப்ரலில், இதற்கு வேண்டிய நேரத்தைத் தன்னால் கொடுக்க முடியவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு, மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். கடை மூடியது, சரக்கு தெருவில் கிடக்கவில்லை. இந்த வழி திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் இது. நான் செயலியை நிறுத்த நேர்ந்தால் மூல நிரலைத் திறந்துவைப்பேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தான். விலைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. வாடகை எவ்வளவு, கூகுள் கடை எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று கணக்கைப் போட்டான். கணக்குச் செயலிக்காரன் தன் கணக்கைக் காட்டுவதுதான் முறை.

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கோபக் கடிதங்கள் அல்ல, சந்தேகக் கடிதங்கள். ஒருவர் கேட்டிருந்தார்: சீட்டுப் பணம் செலவா, சேமிப்பா? வெளிநாட்டுச் செயலி எதிலும் இதற்கு விடை கிடையாது. நாற்பது பேர், மாதம் 5,000 ரூபாய், தலைத் தொகை 2 லட்சம் என்று வையுங்கள். ஒருவர் 1,60,000க்கு ஏலம் எடுக்கிறார். தள்ளுபடி 40,000. நடத்துபவர் கமிஷன் ஐந்து சதவீதம், அதாவது 10,000 போக மீதி 30,000 நாற்பது பேருக்கும் பங்கு, தலைக்கு 750. ஆகவே அந்த மாதம் கட்டவேண்டியது 4,250தான். எடுக்கும் வரை அது சேமிப்பு, எடுத்த பிறகு அதே தவணை கடன். கேரளத்தில் 'சிட்டி' என்று சொல்லி, 1969 முதல் அரசாங்கமே கே.எஸ்.எஃப்.ஈ. மூலம் நடத்துகிறது. நாகர்கோவிலிலும் கழக்கூட்டத்திலும் பாதிக் குடும்பங்களின் கல்யாணமும் வீட்டுக் கூரையும் இதில்தான் நிற்கிறது. அக்கா நோட்டில் சீட்டுக்குத் தனிப் பத்தியே இருந்தது. மகன் செயலியில் அதை 'மற்றவை'யில் தள்ளியிருந்தான்! மொய்யும் அப்படித்தான். வைத்த மொய் செலவு இல்லை, வரவேண்டிய பாக்கி என்று மதுரைப் பக்கத்து வாசகர் ஒருவர் பாடமே நடத்தியிருந்தார்.

கடைசியாக ஒரு கடிதம். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்த மாதத்திலிருந்து கணக்கு எழுதுகிறாராம். "சந்தா கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை தம்பி. நான் கட்டாமல் விட்டால், இதுவரை எழுதிய கணக்கு நோட்டைத் திருப்பித் தருவாயா? ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அதில்தான் இருக்கிறது" என்று கேட்டிருந்தார்.

அவன் திட்டப்படி சந்தா கட்டாதவர்களுக்குச் செயலி பூட்டிக்கொள்ளும்; கணக்கை இறக்கிக்கொள்ளும் பொத்தானும் சந்தாதாரருக்கு மட்டும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்றான். எல்லோரும் செய்வதை அக்கா நோட்டுக்குச் செய்வாயா என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவனே அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றான். கீழே நெடுஞ்சாலை மேம்பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

கடிதம் மறுநாள் போனது. 'நான்' என்று தொடங்கி, முக்கால் பக்கத்தில் முடிந்தது. கணக்கை இறக்கிக்கொள்ள யாருக்கும் காசு வேண்டாம், சந்தா முடிந்த பிறகும் வேண்டாம் என்பதை மூன்றாவது வரியிலேயே எழுதினான். சிலர் விலகினார்கள். சிலர் திட்டிவிட்டுக் கட்டினார்கள்.

ஆசிரியை அன்றைக்கே தன் கணக்கை இறக்கிப் பார்த்துவிட்டார். சாயங்காலம் அவரிடமிருந்து பதில்: "கிடைத்தது தம்பி. சந்தாவும் கட்டிவிட்டேன். ஆனால் தேதியெல்லாம் அமெரிக்கக்காரர்கள் மாதிரி மாதம் முன்னால் வருகிறது. ஏப்ரல் மூன்று எது, மார்ச் நாலு எது என்று புரியவில்லை."

மணி ஒன்பது. சாப்பிடக் கூப்பிட்டேன். "தேதியை மாத்திட்டு வாரேன் மாமா" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.