விதி என்னும் ஒரு சொல்

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று ஊழ், அது மனிதரால் மாற்ற இயலாதது. மற்றொன்று சட்டம், அது மனிதரே வகுத்துக்கொண்டது. சாலை விபத்தில் ஒருவர் காலை இழந்தால், உறவினர் பெரும்பாலும் முதற்பொருளையே நினைக்கின்றனர். "எல்லாம் விதி! பிழைக்க வந்த இடத்தில் நமக்கு எதற்குக் கோர்ட்டும் கேசும்?" என்று ஆறுதல் கூறுகின்றனர். அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது; நீதி இல்லை. பிறருடைய கவனக்குறைவால் நேர்ந்த துன்பத்தை ஊழின்மேல் ஏற்றுவது, தவறு செய்தவரைத் தப்பவிடுவதாகவே முடியும்.

திருவாரூரை ஆண்ட மனுநீதிச் சோழனின் கதையை மாணவர்கள் அறிவார்கள். இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டு ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொல்லவில்லை. அறியாமல் நேர்ந்தது என்று அமைச்சர் எடுத்துரைத்தும் மன்னன் மனம் அமைதியுறவில்லை. தன் மகன்மீதே தேரைச் செலுத்தினான். இன்றைய இழப்பீட்டுச் சட்டம் உயிருக்கு உயிர் கேட்பதில்லை. இழந்ததைப் பணத்தால் இயன்ற அளவு ஈடுசெய்ய வேண்டும் என்றே கூறுகிறது. ஆனால் அடிப்படை ஒன்றே: வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் மட்டும் ஒருவருடைய பொறுப்பு நீங்கிவிடாது.

தில்லியில் நடந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக உணர்த்தும். சாந்தினி சௌக்கில், நகர மன்றக் கட்டடத்திற்கு எதிரே, நகராட்சிக்கு உரிய மணிக்கூண்டு ஒன்று இருந்தது. 1951ஆம் ஆண்டு அது இடிந்து விழுந்து உயிர்ப்பலி நேர்ந்தது. இறந்தவர்களுள் மூவரின் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். "பழுது வெளியே தெரியவில்லை, இடியும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை" என்று நகராட்சி வாதிட்டது. அந்தக் கட்டடத்தின் வயதோ ஏறத்தாழ 80 ஆண்டுகள். அத்தகைய சாந்தினால் கட்டியவை 40 அல்லது 45 ஆண்டுகளே தாங்கும். சாலையோரக் கட்டடத்தை உரிய காலத்தில் ஆய்ந்து பழுது பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று குடும்பங்களும் விதியென்று அடங்கியிருந்தால் அத்தீர்ப்பு பிறந்திராது.

சாலை விபத்துகளுக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வழிகாட்டுகிறது. ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். ஆகவே, பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே இழப்பீட்டைச் செலுத்துகிறது. வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவர் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு அளிக்கலாம். கான்பூரில் விபத்து நேர்ந்து, குடும்பம் சேலத்திற்குத் திரும்பிவிட்டால், சேலத்திலேயே வழக்கை நடத்தலாம். மோதிய வாகனம் எதுவென்று அறிய இயலாத நிலையிலும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அரசின் திட்டப்படி கிடைக்கும். பணியிடத்தில் நேரும் காயத்திற்கு இழப்பீடு தரும் சட்டமோ 1923இலேயே பிறந்துவிட்டது.

இழப்பீட்டுத் தொகை மனம்போனபடி முடிவு செய்யப்படுவதன்று. அதற்குக் கணக்கு உண்டு. மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 38 வயதுத் தந்தை விபத்தில் இறந்தார் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். மனைவியும் இரு பிள்ளைகளும் அவரைச் சார்ந்திருந்தால், அவருடைய சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எஞ்சுவது 1,20,000 ரூபாய். அந்த வயதிற்குரிய பெருக்கெண் 15. எனவே அடிப்படைத் தொகை 18 லட்சம் ரூபாய். எதிர்கால வருமான உயர்வு முதலியன இதனுடன் சேரும். சம்பளம் பெறாத தாயின் வீட்டு உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் வலியுறுத்தியது.

"பணம் போன உயிரைத் தருமா?" என்று சிலர் கேட்பர். தராது. ஆனால் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் காக்கும். வீட்டு வாடகைக்குக் கடன் வாங்காமல் தடுக்கும். மேலும், கவனக்குறைவுக்கு விலை கொடுக்க நேரும் என்று அறிந்தவர் அடுத்த முறை கவனமாக இருப்பார். பொய்க்காயம் காட்டிப் பணம் கேட்பவரும் உளர் என்பது உண்மையே. அதனைக் கண்டறிவது தீர்ப்பாயத்தின் பணி. சிலருடைய பொய்க்காகப் பலருடைய உரிமையைக் கைவிடுதல் முறையாகாது. பாதிக்கப்பட்டவரிடமும் தவறு இருந்தால் இழப்பீடு அதற்கேற்பக் குறையும். சட்டம் ஒருபக்கம் சாய்வதில்லை.

உரிமை இருந்தும் பலர் அதனை இழப்பது தாள்களைப் பேணாமையால்தான். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துக் கடை இரசீதுகள், சம்பளச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். காலம் தாழ்த்தாது மனு அளிக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்கவும் வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்னும் எண்ணில் வழி கேட்கலாம். வாழும் மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்க அறிந்த பிள்ளைகளே பல வீடுகளில் பெற்றோருக்குத் துணையாக இருக்கின்றனர். ஒரு படிவத்தைப் படித்துப் பொருள் சொல்வதும் பெற்றோருக்குச் செய்யும் பேருதவியே.

வாய்பேசாத பசுவுக்கும் ஆராய்ச்சி மணி எங்கே தொங்குகிறது என்று தெரிந்திருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் குடும்பங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்
ஊழ் – தலைவிதி
இழப்பீடு – இழப்பை ஈடுசெய்யத் தரும் தொகை
தீர்ப்பாயம் – குறிப்பிட்ட வகை வழக்குகளை விசாரிக்கும் மன்றம்

சிந்தித்து எழுதுக
1. 'விதி' என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
2. மணிக்கூண்டு வழக்கில் நகராட்சியின் வாதம் ஏன் ஏற்கப்படவில்லை?
3. "இழப்பீடு கேட்பது பேராசை" என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து பத்து வரிகளில் எழுதுக.