பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?

ஸ்கூட்டியின் முன்விளக்குப் பல்பை ஒரே மாதத்தில் மூன்று தடவை மாற்றியிருக்கிறீர்களா? நான் மாற்றினேன். தையல் வேலை முடிந்து இருட்டிய பின் வீடு திரும்பும்போது, குளக்கட்டு வீதியில் லைற் அணைந்துவிடும். நடுவீதியில் மாடுகள் படுத்திருக்கும் இடம் அது. ஒரு கையில் ரோச் லைற்றைப் பிடித்தபடி ஓடிய இரவுகளும் உண்டு, செய்யக்கூடாத வேலைதான். கராஜில், "சைனாப் பல்ப் எண்டால் உப்பிடித்தான் அக்கா" என்று சொல்லிப் புதியதைப் போட்டுக் காசு வாங்கினார்கள்.

நான்காவது தடவை, வயறிங் வேலை தெரிந்த முதியவர் ஒருவரிடம் போனேன். அவர் எரிந்த பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தது. "பிள்ளை, இது குலுக்கத்தில அறுந்ததில்லை. வோல்ற்றேஜ் கூடி எரிஞ்சது" என்றார்.

சைக்கிள் டைனமோ பாவித்த எங்களுக்கு இது புதிதல்ல. 1990களின் முற்பகுதியில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் டைனமோவைச் சுற்றித்தானே வானொலி கேட்டோம். வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும். முன் பல்ப் எரிந்துபோனால், சற்று நேரத்தில் பின் பல்பும் போய்விடும். இரண்டுக்கும் பங்காகப் போன வலு சின்னப் பல்பின் மேல் விழுவதுதான் காரணம்.

ஸ்கூட்டி, ஓட்டோ, கார் எல்லாவற்றிலும் எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாகிறது. வேகம் கூடினால் வோல்ற்றேஜும் கூடப் பார்க்கும். அதை அளவோடு பிடித்து வைப்பது றெகுலேற்றர். அது பழுதானாலோ, அதன் ஏர்த் வயர் துருப்பிடித்துத் தளர்ந்தாலோ மிஞ்சிய வோல்ற்றேஜ் பல்புக்குப் போகும். வெறும் 5 சதவீதம் கூடினாலே பல்பின் இழையின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எல்.ஈ.டி. பல்ப் போட்டும் தப்ப முடியாது. அதன் உள்ளே இருக்கும் சின்னச் சுற்று கருகும்.

அந்த ஐயா மீற்றரின் சிவப்பு வயரைப் பற்றறியின் நேர் முனையிலும் கறுப்பு வயரை மறை முனையிலும் பிடித்துக் காட்டினார். எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல 12 வோல்ற் பற்றறி 12.6 அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்து அக்சிலேற்றரை முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் பிழை. என்னுடையது 16.8 காட்டியது! சில ஸ்கூட்டர்களில் முன்விளக்குக்குப் பற்றறியிலிருந்து அல்லாமல் கொயிலிலிருந்து நேரே மின்சாரம் போகும். அப்படியானால் பல்ப் பூட்டும் இடத்திலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மீற்றர் இல்லாவிட்டாலும் அடையாளம் உண்டு. வேகம் கூடக் கூட வெளிச்சம் அளவுக்கு மீறி வெள்ளையாகும். பற்றறித் தண்ணீர் விரைவில் வற்றும். கூழ்முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் பக்கத்தில் நெருப்புக்குச்சி தட்ட வேண்டாம்.

றெகுலேற்றரை மாற்றிய பிறகு அதே சைனாப் பல்ப்தான் போட்டேன். எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓட்டோ ஓடிப் பிழைக்கும் சகோதரிகளுக்கு இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பற்றறி வயரைக் கழற்ற வேண்டாம். பற்றறி இறங்கிவிட்டால், உதவிக்கு வருபவர் லொறிப் பற்றறியிலிருந்து வயர் கொழுவவும் விட வேண்டாம். பெரும்பாலான லொறிகளில் 12 வோல்ற் பற்றறிகள் இரண்டைத் தொடுத்து 24 வோல்ற் ஆக்கியிருப்பார்கள். கொழுவிய கணத்திலேயே உங்கள் விளக்குகள் எல்லாம் போய்விடலாம்.