உழவுசாலும் வினாநிரலும்

கோலார் தங்கவயல் என்றதும் ஆய்வுலகம் சுரங்கத்தையே நினைக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகும் வேலையிழப்பும் சயனைடு மண்மேடுகளுமே பேசுபொருள். நகரைச் சூழ்ந்த மானாவாரி நிலங்கள் அரிதாகவே கவனம் பெறுகின்றன. அங்கே நீடித்த வேளாண்மையை ஆராய வரும் மாணவர்களுக்கு, மொழியியல் பயின்ற முறையில் ஒரு வேண்டுகோள்: வினாநிரலைத் தயாரிக்கும் முன் உழவரின் சொற்களைத் தொகுத்துக்கொள்ளுங்கள்.

தென் கர்நாடகத்தின் பழைய கலப்புப் பயிர்முறை ஒன்றைக் கன்னடத்தில் ‘அக்கடி சாலு’ என்பர். கேழ்வரகை முதன்மைப் பயிராக விதைத்து, இடையிடையே சில சால்களில் துவரை, மொச்சை, ஆமணக்கு, கடுகு போன்றவற்றை இடுவார்கள். பயறு வகைகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. பயிர்கள் வெவ்வேறு காலத்தில் முற்றுவதால், பருவமழை இடையில் பொய்த்தாலும் ஏதேனும் ஒன்று வீடு வந்து சேரும். எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை துவரை என்னும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இதே அடிப்படையில் அமைந்ததே.

கன்னடத்தின் ‘சாலு’, தெலுங்கின் ‘சாலு’, தமிழின் ‘சால்’ மூன்றும் ஒரே திராவிட வேரிலிருந்து கிளைத்தவை. மும்மொழியும் புழங்கும் இப்பகுதியில் எந்த உழவரிடமும் அச்சொல்லைக் கொண்டு உரையாடலைத் தொடங்கலாம். மாறாக, ‘நீடித்த வேளாண் நடைமுறைகளைக் கடைப்பிடிக்கிறீர்களா?’ என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வினாவை முன்வைத்தால், அக்கடி இடுபவரும் ‘இல்லை’ என்றே விடையளிக்கக்கூடும். அட்டவணையில் அது சுழியமாகப் பதிவாகும். அச்சுழியத்தை நம்பி, அவர் அறிந்ததையே அவருக்குக் கற்பிக்கும் பயிற்சித் திட்டமும் வரையப்படும். குறை உழவரின் அறிவில் இல்லை; வினாவில் இருக்கிறது.

ஒப்பீட்டுக்குப் பொதுக் கலைச்சொற்கள் தேவை என்று நெறியாளர்கள் கூறுவது நியாயமே. ஆனால் பொதுச்சொல் பகுப்பாய்வுக்கு உரியது. களத்தில் கேட்பதற்கு உரியது வட்டாரச் சொல். ‘இந்தச் சாலில் எதை விதைக்கிறீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். கிடைக்கும் சொற்களை ஒலிப்பு மாறாமல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். முடிவுகளை இரண்டு பக்கத்தில், அவர்கள் பேசும் மொழியில், அவ்வூருக்கே திருப்பி அளியுங்கள்.

ஒரு பயிர்முறை கைவிடப்படும்போது அதற்குரிய சொற்களும் வழக்கொழிகின்றன. அவற்றை அறிந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டறிய வேண்டிய காலம் இதுவே.