பெயர் தரும் ஆறுதலும் பெயர் மறைக்கும் நஞ்சும்

(சற்று நீண்ட பதிவு. மருத்துவம் பற்றியது, ஆயினும் எழுதுபவர் மருத்துவர் அல்லர், மொழியியல் பயின்றவர்.)

நாள்பட்ட வயிற்று நோயாளி ஒருவர் சீன மருத்துவத்தை நாடும்போது அவருக்கு முதலில் கிடைப்பது ஊசியும் அன்று, மூலிகையும் அன்று, ஒரு பெயர். "உங்கள் மண்ணீரல் வலுவிழந்துள்ளது" என்கிறார் சிகிச்சையாளர். அதுவரை பெயரின்றி அலைந்த வேதனைக்கு ஓர் எழுவாயும் ஒரு பயனிலையும் வாய்த்துவிடுகின்றன. இதன் மதிப்பைக் குறைத்து எண்ணுவோர் நாள்பட்ட நோயை அறியாதவர்கள். ஆனால் பெயருக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, பொருள் தருவது. மற்றொன்று, இன்னதுதான் என்று பிழையின்றிச் சுட்டுவது. முதற்பணியைச் செம்மையாகச் செய்யும் பெயர் இரண்டாவதையும் செய்துவிடும் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. இப்பதிவின் வாதம் அவ்வளவே.

ஆறு ஆண்டுகளாக எனக்குக் குடல் நோய் உண்டு. நான் வசிக்கும் பொம்மசந்திராவில் மருத்துவத்திற்குப் பஞ்சமில்லை. ஓசூர் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் நாராயணா மருத்துவ நகரம். சுற்றிலும் தொழிற்பேட்டை, அதில் மருந்துத் தொழிற்கூடங்கள். 2025 ஆகத்து முதல் மெட்ரோவின் மஞ்சள் தடமும் இங்குதான் முடிகிறது. ஆகவே, மருத்துவமனை இல்லாததால் மக்கள் மாற்று மருத்துவத்துக்குப் போகிறார்கள் என்ற வழக்கமான விளக்கம் இவ்வூருக்குப் பொருந்தாது. இங்கே இரவுப்பணி பார்க்கும் தொழிலாளர்களிடமும் விடுதி மாணவர்களிடமும் பேசிப் பாருங்கள். உள்நோக்கி, இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் முடித்து, "ஒன்றுமில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பியவர்கள் பலர். அச்சொல்லை மருத்துவர் நற்செய்தியாகவே சொல்கிறார். நோயாளியின் செவியிலோ அது "உன் வலி மெய்யன்று" என்று விழுகிறது.

உண்மையில் மருத்துவம் அந்நிலைக்குப் பெயர் வைத்தே இருக்கிறது. ஐ.பி.எஸ். என்கிறோம். 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறைப்படி, மூன்று மாதங்களாக வாரம் ஒரு நாளேனும் வயிற்றுவலி இருக்க வேண்டும். அவ்வலி மலம் கழித்தலோடோ, அதன் எண்ணிக்கை அல்லது தன்மை மாறுவதோடோ தொடர்புற்றிருக்க வேண்டும். பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தென்படாது. அதனால் நோய் இல்லை என்று பொருளாகாது. குடலும் மூளையும் தமக்குள் நடத்தும் உரையாடல் பிறழ்வதே நோய். எனினும் இப்பெயரைத் தமிழில் எழுதினால் காவல்துறை உயரதிகாரியின் பட்டத்துக்கும் இதற்கும் ஓரெழுத்து வேறுபாடும் இராது. ஊரில் என் உறவினர் ஒருவர் "ஐ.பி.எஸ். ஆகிவிட்டாயாமே" என்று வாழ்த்தியதும் உண்டு. வேடிக்கைதான். ஒரே பெயர் இரண்டு பொருள்களைச் சுட்டுவது எப்போதும் வேடிக்கையாக முடிவதில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

சீன மருத்துவம் இதே நோயாளியிடம் வேறு மொழியில் பேசுகிறது. 'பீ' என்னும் உறுப்பு உண்டதை உடலாக மாற்றுகிறது. கவலையும் ஓயாத சிந்தனையும் அதை நலிவிக்கின்றன என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லீ காவ் என்னும் மருத்துவர் பீயையும் இரைப்பையையும் பற்றித் தனி நூலே எழுதினார். 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்ட கொடுமையைக் கண்டவர் அவர். பசியும் அச்சமும் களைப்பும் செரிமானத்தைச் சிதைத்து மனிதரை நோய்க்கு இரையாக்குகின்றன என்பது அவர் துணிபு.

இது தமிழருக்கு அயலாகத் தோன்றாது. அச்சம் வந்தால் நமக்கு வயிற்றில் புளி கரைகிறது. பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. கன்னடத்திலும் பொறாமைக்கு 'ஹொட்டெகிச்சு', அதாவது வயிற்றுத் தீ, என்றே பெயர். சித்த மருத்துவம் குன்மத்தை எட்டாகப் பகுத்துப் பேசுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உணவையும் செரிமானத்தையும் பற்றியவை. வயிற்றையும் மனத்தையும் ஒரே தொடரில் வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் முன்பே இருப்பதால்தான் சீன விளக்கம் நம் செவிக்கு இயல்பாக இருக்கிறது. ஆனால் செவிக்கு இயல்பாக இருப்பது மெய்யாகிவிடாது.

மொழிபெயர்ப்பிலேயே முதற்சிக்கல் தொடங்குகிறது. 'பீ' என்பதை ஆங்கிலம் வழியாக 'மண்ணீரல்' என்று தமிழாக்கிவிட்டோம். உடற்கூற்றியல் கூறும் மண்ணீரலோ பழைய குருதியணுக்களை அகற்றுவது, நோயெதிர்ப்பில் பங்கேற்பது. செரிமானத்தில் அதற்கு வேலையில்லை. விபத்தில் மண்ணீரலை இழந்தவர் தொடர்ந்து உண்டு செரிக்கிறார். ஆக, சீன நூல் சொல்லும் 'பீ' ஒரு செயற்பாட்டுத் தொகுதியின் பெயர். நாம் சொல்லும் மண்ணீரல் ஒரு தசைப்பிண்டத்தின் பெயர். 'சீ' என்பதைச் 'சக்தி' என்றும் 'பிராணன்' என்றும் பெயர்ப்பதிலும் இதே நிலைதான். இயற்பியலின் ஆற்றலையும் யோகத்தின் பிராணனையும் ஒருங்கே இழுத்துவந்து, மூலத்தில் இல்லாத உறுதியை அச்சொல்லுக்கு ஊட்டிவிடுகிறோம்.

இதன்மேல் ஒரு சொல்விளையாட்டும் உலவுகிறது. சீனக் கோட்பாட்டில் பீக்கு உரிய பூதம் மண், தமிழிலும் 'மண்'ணீரல், ஆகவே நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் என்கிறார்கள். போகர் சீனம் சென்ற மரபுச் செய்தியும் உடன் சேர்க்கப்படுகிறது. அப்படியானால் அடுத்த உறுப்பையும் பார்ப்போம். கல்லீரலுக்குச் சீனர் வகுத்த பூதம் கல் அன்று, மரம். நுரையீரலுக்கு உரியது உலோகம். நுரை எங்கே, உலோகம் எங்கே? ஒன்று பொருந்தியதைச் சான்றாக்கி இரண்டு பொருந்தாததை மறைப்பது மொழியியலும் ஆகாது, மருத்துவமும் ஆகாது.

சரி, பலன் உண்டா? இக்கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை இரு தரப்பினருக்கும் முழு நிறைவு தராது. 1998இல் ஆத்திரேலியாவில் 116 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சீன மூலிகைக் குளிகை உண்டோர் போலிக் குளிகை உண்டோரைவிடத் தெளிவான நலம் கண்டனர். சிகிச்சை முடிந்து 14 வாரங்களுக்குப் பின்னும் அந்நலம் நீடித்தது, ஆளுக்கேற்பத் தனித்தனியே மருந்து வகுக்கப்பட்டவர்களிடம் மட்டுமே. ஆனால் 2006இல் ஆங்காங்கில் 119 பேரிடம் வேறொரு மூலிகைக் கூட்டை வைத்து நடந்த ஆய்வில் போலி மருந்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அக்குபங்சரைப் பொறுத்தவரை, 2012இன் காக்ரேன் தொகுப்பாய்வு, போலி ஊசியை விட மெய்யூசி மேலானது என்பதற்குச் சான்று காணவில்லை.

இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது டெட் கப்ட்சக் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. 262 ஐ.பி.எஸ். நோயாளிகள் மூன்று பிரிவாயினர். முதற்பிரிவினர் வெறுமனே காத்திருந்தனர். இரண்டாம் பிரிவினருக்கு அதிகம் பேசாமல் போலி ஊசி. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் சிகிச்சையாளர் பரிவோடு அமர்ந்து கேட்டார், பேசினார். மூன்று வாரங்களில் போதிய நிவாரணம் கண்டோர் முறையே 28, 44, 62 விழுக்காடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு முழுவதும் கேட்கப்பட்டதால் விளைந்தது. நானும் பத்து அமர்வுகள் ஊசி சிகிச்சை பெற்றேன். வலி குறைந்த வாரங்கள் இருந்தன. ஊசி குறைத்ததா, முக்கால் மணிநேரம் ஒருவர் என் உணவையும் உறக்கத்தையும் விசாரித்தது குறைத்ததா என்பதை என் ஒருவர் உடலைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. வந்து போவது இந்நோயின் இயல்பும்கூட.

இதுவரை சொன்னது பெயரின் முதற்பணி. அது ஆறுதல் தருகிறது. ஆறுதல் அளவிடத்தக்க பலனும் தருகிறது. இனி இரண்டாம் பணி.

1990களின் தொடக்கத்தில் பெல்சியத்தின் பிரசல்சு நகரில் உடல் மெலிவுச் சிகிச்சை பெற்ற பெண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு உள்ளாயினர். சுமார் நூறு பேர். அவர்கள் உண்ட குளிகையில் 'ஃபாங் சீ' என்னும் சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். சீனச் சந்தையில் அப்பெயரால் வழங்குவன ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள். 'ஹான் ஃபாங் சீ' என்பது இசுடெஃபானியா இனம். 'குவாங் ஃபாங் சீ' என்பது அரிசுடோலோகியா இனம். முன்னதன் இடத்தில் பின்னது வந்து சேர்ந்தது. பின்னதில் உள்ள அரிசுடோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயும் விளைவிப்பது. சிறுநீரகம் செயலிழந்தோருள் 39 பேரின் சிறுநீரகங்களும் சிறுநீர்க்குழாய்களும் முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டபோது, 18 பேரிடம் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக 2000இல் ஆய்வறிக்கை வந்தது. சீன மரபு அம்மூலிகையை மெலிவு மாத்திரையாக நெடுநாள் கொடுக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் கேடு நுழைந்த வாயில் ஒரு பெயர் மயக்கம். மொழியியல் வகுப்பில் 'ஒப்புருச் சொற்கள்' என்று ஒரு பிற்பகலில் கடந்துபோகும் பாடம் அங்கே நோயாளிகளின் சிறுநீரகங்களை விலையாகக் கொண்டது.

இதைச் சீனருக்கு மட்டும் உரிய குறையாக்கி நாம் நிம்மதி கொள்ள முடியாது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிசுடோலோகியா பேரினத்தைச் சேர்ந்தவை. அதே அமிலம் உடையவை. ஒரே தமிழ்ப்பெயர் மாவட்டந்தோறும் வேறு செடியைக் குறிப்பதை நாட்டார் வழக்காற்றியல் மாணவர் யாவரும் அறிவர்.

இந்தியச் சட்டத்தில் சீன மருத்துவத்தின் இடமும் இங்கே முக்கியம். பிசாய் குமார் பாசு 1950களின் இறுதியில் அக்குபங்சரைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1938இல் துவாரகாநாத் கோட்னிசுடன் சீனம் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர் அவர். 2019இல் நடுவணரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. ஆனால் ஏற்கப்பட்டது ஊசி, மூலிகை அன்று. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்குத் தனி விதிகள் வகுக்கிறது. உறையில் உட்பொருள் அச்சிடப்பட வேண்டும் என்கிறது. சீன மூலிகைப் பொட்டலத்துக்கு அவ்வரிசையில் இடமில்லை. எனக்கும் ஒருமுறை பழுப்புநிறத் தூள் கொண்ட பொட்டலங்கள் தரப்பட்டன. மேலே சீன எழுத்தும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே. "இதிலுள்ள செடிகளின் தாவரவியற் பெயர் என்ன?" என்று கேட்டேன். "நம்பிக்கையோடு சாப்பிடுங்கள்" என்பது விடை. நான் கேட்டது பெயர், கிடைத்தது அறிவுரை. அதை உண்ணவில்லை.

"ஆங்கில மருந்து மட்டும் தீங்கற்றதா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் அதன் உறையில் வேதிப்பெயர் இருக்கிறது. தீங்கு நேர்ந்தால் எதனால் நேர்ந்தது என்று தேட ஒரு முனை இருக்கிறது. பெயரற்ற தூளில் அம்முனையே இல்லை. "மரபறிவைக் காலனியப் பார்வையால் அளக்கலாமா?" என்பது நம் கருத்தரங்குகளில் எழும் மற்றொரு கேள்வி. அரிசுடோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தொடும்போது அது யாருடைய அறிவு மரபில் வளர்ந்தது என்று விசாரிப்பதில்லை. சீன மரபிலிருந்தே ஆர்டெமிசினினைக் கண்டெடுத்து 2015இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூவும் பழைய நூலைப் படித்தார். பின்னர் எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த வெப்பத்தில் வடிப்பது என்று ஒவ்வொன்றையும் சோதித்தார். மரபுக்குச் செய்யும் மரியாதை அதுவே.

ஆகவே, நாள்பட்ட வயிற்று நோயோடு சீன மருத்துவத்தை முயல எண்ணும் நண்பர்களுக்கு என் கருத்து: போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். போகுமுன் நோயின் பெயரை உறுதிசெய்யுங்கள். மலத்தில் குருதி, காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், குருதிச்சோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி இருந்தால் அது ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். நம் நாட்டில் குடற்காசநோயும் குரோன் நோயும் தம்முள் மயங்கும் அளவுக்கு ஒத்தவை. இரண்டுமே 'மண்ணீரல் பலவீனம்' என்ற பெயருக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க வல்லவை. அடுத்து, உண்ணத் தரப்படும் எதற்கும் தாவரவியற் பெயரைக் கேளுங்கள். எழுதித் தர இயலாதவரிடம் பேசிவிட்டு வாருங்கள், மருந்து வாங்காதீர்கள்.

மருத்துவம் பயிலும் தோழர்களுக்கும் ஒன்று. "ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கைவிடுங்கள். "குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, உங்கள் வலி மெய், அதற்கு இன்ன பெயர்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நீங்கள் தராததால்தான் பலர் அதை வேறிடத்தில் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

தமிழ்த் துறையினருக்கு ஒரு பணி காத்திருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பகுப்பில் சீன மரபு சார்ந்த நோய்நிலைகள் இடம்பெற்றுவிட்டன. அப்பகுப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அச்சொற்கள் நாளை தமிழ்ப் பாடநூல்களுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்கும் வரும். 'பீ' என்பதை மண்ணீரல் என்றே எழுதிக்கொண்டிருக்கப் போகிறோமா, ஒலிபெயர்த்து விளக்கம் தரப் போகிறோமா? கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ளோர் தம் கருத்தைக் கீழே எழுதுங்கள். மருத்துவம் அறிந்தோர் என் தரவுகளில் பிழையிருப்பின் சுட்டுங்கள்.